தங்கவயலும் அதன் மடைகளும்

ஏரி நிறையத் தண்ணீர் இருக்கலாம். வாய்க்கால் அகலமாக வெட்டப்பட்டிருக்கலாம். வயலும் நன்கு உழப்பட்டு விதைப்புக்குக் காத்திருக்கலாம். ஆயினும் மடை குறுகியதாயின், அம்மடை விடுகின்ற அளவு நீரே வயலைச் சேரும். வாய்க்காலை இன்னும் இருமடங்கு அகலமாக்கினாலும் ஒரு குடம் நீர்கூட அதிகமாக வராது. இவ்வுண்மையை நம் உழவர் எவரும் ஏட்டைப் புரட்டிக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பெருந்தொழில் ஸ்தாபனங்களை நடத்துவோர் இதனை அடிக்கடி மறந்துவிடுகின்றனர். எங்கே இடுக்கம் இருக்கிறதோ அங்கே கைவைக்காமல், எங்கே கைவைப்பது எளிதோ அங்கே செலவிடுகின்றனர். இஸ்ரேல் நாட்டுப் பௌதிக அறிஞர் எலியாஹு கோல்ட்ராட் என்பவர், 1984ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி கோல்' என்னும் நாவலில், ஒரு தொழிற்சாலையின் கதையாக இதனை விளக்கினார். அது முதல் உலகெங்கும் நிர்வாகக் கல்லூரிகளில் இது பாடமாகிவிட்டது. அந்நூலுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, நம் மக்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த ஓரிடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இத்தகைய மடைகள் கண்டறியப்பட்டுத் திறக்கப்பட்டன. அவ்விடம் கோலார் தங்கவயல்.

நேயர்களே, தமிழகத்திற்கு வெளியே தமிழர் குடியேறி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர்களுள் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து பஞ்சத்திற்கும் பண்ணையடிமைக்கும் அஞ்சிப் புறப்பட்டவர்களே அச்சுரங்கங்களின் பெரும் பகுதித் தொழிலாளர்கள். அவர்களுள் மிகப் பலர் ஆதிதிராவிடர். அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்றும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் வாழ்கின்றனர். ஆகவே, இவ்வரலாறு யந்திரங்களைப் பற்றியது மட்டுமன்று.

முதலில் இருந்த தடை பொருளும் ஆளும் அன்று. அறிவே தடையாக இருந்தது. அவ்வட்டாரத்தில் பொன் உண்டு என்பது பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, 1802ஆம் ஆண்டளவில், ஊரார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை நேரில் கண்டு எழுதிவைத்தார். எழுபதாண்டுகளுக்குப்பின், பெங்களூரில் குடியேறியிருந்த மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் நாட்டு முன்னாள் சிப்பாய், மைசூர் அரசிடம் மனுச் செய்து, 1875இல் அகழ்வதற்கான உரிமையைப் பெற்றார். கைப்பொருள் போதாமையால் அவ்வுரிமையைச் சில ஆண்டுகளில் பிறருக்கு மாற்றிக் கொடுத்தார். 1880ஆம் ஆண்டையொட்டிப் புதுப்புதுக் கம்பெனிகள் தோன்றின. லண்டனில் பங்குகள் விற்கப்பட்டன. பணம் குறைவில்லாமல் வந்தது, கூலியாட்களும் வந்தனர், ஆங்காங்கே குழிகளும் தோண்டப்பட்டன. தங்கமோ வரவில்லை. 1883, 1884ஆம் ஆண்டுகளில் மைசூர் சுரங்கக் கம்பெனியின் முதல் ஏறத்தாழக் கரைந்துபோயிற்று. கம்பெனியைக் கலைத்துவிடலாமா என்று பங்குதாரர் ஆலோசித்தனர்.

அந்நிலையில், ஜான் டெய்லர் கம்பெனியார் மிஞ்சியிருந்த பணத்தைக்கொண்டு இன்னும் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று பங்குதாரரை இணங்கவைத்தனர். பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் புதிய இடம் தேடி அலையவில்லை. பழங்காலத்தார் தோண்டி விட்டுச்சென்ற குழிகளைப் பின்பற்றி, அவை முடிந்த இடத்திலிருந்து கீழே இறங்கினார். அங்கேதான் 'சாம்பியன் லோடு' எனப் பின்னர் பெயர்பெற்ற பொன் படிந்த வெண்கல் ரேகை அகப்பட்டது. வடக்குத் தெற்காகப் பல கிலோமீட்டர் ஓடும் அவ்வொரு ரேகையின்மீதே மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. எத்தனை பேர் தோண்டினார்கள் என்பது அதுவரை பெரிதாகத் தோன்றியது. எங்கே தோண்டவேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி என்பது அப்போது விளங்கியது.

ஒரு மடை திறந்ததும் நீர் அடுத்த மடையில் போய் முட்டுவது இயல்பு. பாறை ஏராளமாக மேலே வரத் தொடங்கியதும், அதனை இடித்துப் பொடியாக்கும் ஆலைகளுக்கும், சுரங்கத்துள் ஊறும் நீரை இறைக்கும் பம்புகளுக்கும் சக்தி போதவில்லை. நீராவி யந்திரங்கள் விறகையும், தொலைவிலிருந்து வந்த நிலக்கரியையும் விழுங்கின. சுற்றுவட்டாரக் காடுகள் அருகின. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்திற்குக் கிளை இரயில் பாதை போடப்பட்டது. யந்திரங்களும் எரிபொருளும் வந்துசேர அது பெரிதும் உதவியது. ஆயினும் எரிபொருட் செலவு என்னும் இடுக்கம் அப்படியே இருந்தது. எத்தனை யந்திரம் வாங்கினாலும் அடுப்பில் இடுவதற்கு விறகு வேண்டுமல்லவா?

இத்தடையை நீக்கிய வரலாறு இந்திய மின்சார வரலாற்றில் முக்கியமான இடம் பெறுவது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அவ்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்ற திட்டத்தை மைசூர் அரசு மேற்கொண்டது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூர்த் திவானாக உயர்ந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் அதற்கு ஊக்கம் அளித்தார். பொறியியல் அதிகாரி டி லாட்பினியர் அதனை வகுத்து நடத்தினார். சிவசமுத்திரத்திற்கும் தங்கவயலுக்கும் இடையே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு. 1896இல் நயாகரா அருவியிலிருந்து பஃபலோ நகரத்திற்கு மின்சாரம் கொண்டுசென்றதை உலகமே வியந்து பேசியது. அத்தொலைவு இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் நாள் காவிரியின் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே சுரங்கத்து ஆலைகள் மின்சாரத்தால் ஓடின. சேஷாத்ரி ஐயர் அதனைக் காண இருக்கவில்லை, 1901இலேயே காலமாகிவிட்டார். 1905ஆம் ஆண்டில் தங்கவயலின் உற்பத்தி உச்சத்தை எட்டியது. அவ்வோர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்சாரம் வந்த பின்னர், தடை தங்கவயலைவிட்டுக் காவிரிக்கரைக்கு இடம் மாறிற்று. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் மின்சாரமும் குறைந்தது. சுரங்கங்களோ கோடையென்றும் மாரியென்றும் பாராமல் ஓடவேண்டியவை. நீரைத் தேக்கிவைத்து ஆண்டு முழுவதும் சீராக விடவேண்டும் என்ற தேவை, கண்ணம்பாடி அணைத் திட்டத்திற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று. சர் எம். விசுவேசுவரய்யாவின் முயற்சியால் 1911இல் தொடங்கிய அவ்வணையே கிருஷ்ணராஜசாகரம். அணை எழுந்ததும் கீழ்ப்பாசனத்து உழவர்க்குக் கவலை பிறந்தது; மைசூருக்கும் சென்னை மாகாணத்திற்கும் நெடிய வழக்கு நடந்து 1924இல் உடன்படிக்கை ஏற்பட்டது. பாறையை இடிக்கும் ஓர் ஆலையின் தேவை, தஞ்சைக் கழனிவரை சென்று எட்டியதை எண்ணிப் பாருங்கள். ஒரு ஸ்தாபனம் தன் வேலிக்குள் ஒரு தடையை நீக்கும்போது, அதனை வேலிக்கு வெளியே யார் தலையிலேனும் இறக்கிவைக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

மின்சாரத்தைப் போன்றே குடிநீரும் ஒரு தடையாக இருந்தது. பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டு அக்குறை தீர்ந்தது. அதே பாலாறுதான் கீழே இறங்கி வட ஆர்க்காட்டில் பாய்கிறது. ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்து மேலேறி வந்தவர்கள், தம் ஊர் ஆற்று நீரையே சுரங்கத்து வரிசை வீடுகளில் குடித்தனர்.

குடியிருப்பின் கதையும் இத்தகையதே. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தங்கவயலில் 38,000க்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். மூங்கில் தட்டிக் குடிசைகள் நெருங்கிய வரிசைகளில் அவ்வளவு பேரும் அடைந்து வாழ முடியவில்லை. பிளேக் நோய் நாடெங்கும் பரவிய காலம் அது. ஓரிடத்தில் நோய் புகுந்தால் ஆட்கள் கூட்டங்கூட்டமாக ஊருக்குத் திரும்பிவிடுவர். யந்திரங்கள் இருந்தும் வேலை நின்றுபோகும். மைசூர் அரசு சுரங்கங்களுக்கு அருகே அகலமான நேர்த்தெருக்களோடு ஒரு புதிய ஊரை வகுத்தது. அக்காலத்தில் மைசூர் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயர் அதற்கு இடப்பட்டது. சுரங்க எல்லைக்கு உட்பட்ட வரிசைகளில் கம்பெனி வைத்ததே சட்டம். ராபர்ட்சன்பேட்டையிலோ கடையும் சந்தையும் பள்ளியும் கோயிலும் தாமாக வளர்ந்தன. உற்பத்தித் தடையை நீக்குவதற்காக அமைத்த ஊர், தங்கம் தீர்ந்த பின்னும் நிற்கிறது.

இனி மடை என்ற சொல்லுக்கு நேரான பொருளாகவே அமைந்த ஒன்றைப் பார்ப்போம். ஆழ்சுரங்கத்திற்கு வாயில் ஒன்றே. அது மேலிருந்து கீழே செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட். இறங்கும் ஆட்கள், ஏறும் ஆட்கள், வெட்டிய பாறை, தாங்குமரம், வெடிமருந்து, காற்று, நீர் அனைத்தும் அவ்வழியாகவே செல்லவேண்டும். அடியில் எத்தனை டன் பாறையை வெட்டிக் குவித்தாலும், ஷாஃப்ட் ஏற்றிவிடும் அளவே அன்றைய உற்பத்தி. ஆழம் மிகுந்தால் இரும்பு வடத்தின் எடையே பெருஞ்சுமையாகிவிடும். ஒரே வடத்தால் அடிமட்டம்வரை இழுக்க இயலாது. ஆகவே ஒரு கட்டம் இறங்கி, பூமிக்குள்ளேயே வேறொரு ஷாஃப்டுக்கு நடந்து சென்று, மீண்டும் இறங்கவேண்டும். பாறையும் அவ்வாறே கைமாறி மேலே வரவேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கியது. வேலைநேரத்தில் கணிசமான பகுதி போவதிலும் வருவதிலுமே கழிந்தது.

அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். காற்றோட்டத்திற்கென்று தனி ஷாஃப்டுகள் இறக்கப்பட்டன. 1930களில் காற்றைக் குளிரச்செய்து கீழே அனுப்பும் பெரிய யந்திரங்களும் நிறுவப்பட்டன. கேட்போர் இதனைத் தொழிலாளர் நலத்திற்கான ஏற்பாடு என்று கொள்ளலாம். ஓரளவு அது உண்மையே. ஆயினும் அந்த யந்திரத்திற்கு முதல் போடச்செய்த காரணம் வேறு. அவ்வெப்பத்தில் மனித உடலால் நெடுநேரம் உழைக்க முடியாது. உடலே அங்கே இடுக்கமாகிவிட்டது. உடல் பொறுக்கும் எல்லையை நிர்வாகக் கணக்கில் தவிர்க்கமுடியாத எண்ணாகச் சேர்க்கவேண்டி வந்தது.

ஆயின், இடுக்கமான ஒவ்வொன்றையும் அகலமாக்கிவிடலாமா? கூடாது என்பதைப் பாறையே கற்பித்தது. ஆழத்தில் வெட்டியெடுத்த இடம் வெற்றிடமானதும், சுற்றியுள்ள பாறை பேரழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். அக்காலத்தவர் அதனை 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். மேலே ராபர்ட்சன்பேட்டை வீடுகளிலும் பாத்திரங்கள் அதிரும். எந்த ஷாஃப்டிலோ என்று பெண்கள் வாயிலுக்கு ஓடிவருவர். 1890களின் இறுதியிலிருந்தே இவ்விபத்துகள் பதிவாகியுள்ளன. அதனைத் தடுக்க, வெட்டிய வெற்றிடங்களைக் கருங்கல் சுவர்களால் நிரப்பிக்கொண்டே செல்லவேண்டியிருந்தது. பாறை வெட்டும் வேகத்தை அது குறைத்தது. கணக்கர் கண்ணுக்கு அது வீண் தாமதமாகத் தோன்றக்கூடும். ஆனால் அத்தாமதமே உயிரைக் காத்தது. மடையைக் குறுக்கிக் கட்டியவன் சில இடங்களில் கரை உடையாமலிருக்கவே அவ்வாறு கட்டியிருப்பான். எது கவனக்குறைவால் நேர்ந்த இடுக்கம், எது காப்புக்காக வைத்த இடுக்கம் என்று பிரித்தறிவது நிர்வாகியின் முதற்கடமை. இவ்வெடிப்புகளைப் பற்றிய ஆராய்ச்சி அங்கேயே வளர்ந்தது. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலில் நிறுவப்பட்டதற்கு இவ்வனுபவமே அடிப்படை.

வேறொரு தடைநீக்கம் மிகக் கொடிய விலை கேட்டது. தொடக்கத்தில் உளியும் சம்மட்டியும் கொண்டு கையால் துளையிட்டுப் பாறையைப் பிளந்தனர். காற்றழுத்தத் துளைக்கருவி வந்ததும் வேலை பன்மடங்கு விரைந்தது. ஆனால் அக்கருவி கிளப்பிய நுண்ணிய கல்தூசி தொழிலாளரின் நுரையீரலில் படிந்தது. சிலிகோசிஸ் என்னும் அந்நோய் மெல்ல மெல்ல மூச்சை அடைக்கும். அதனைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. 1940 முதல் 1946 வரை நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. துளைக்கும்போது நீர் பாய்ச்சித் தூசியை அடக்கும் முறை பரவியது. 1940இல் மைசூர் அரசு நோயுற்றவருக்கு நட்டஈடு தர விதி வகுத்தது. சம்மட்டி பிடித்த கையின் வேகம் ஒரு காலத்தில் தடையாக இருந்தது. அத்தடையை நீக்கிய கணக்கில் நுரையீரலின் விலையை எவரும் நெடுங்காலம் எழுதவில்லை.

தடையைத் தவறான இடத்தில் தேடியதும் உண்டு. 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் கைரேகை பெற்றுப் பதிவு செய்யும் திட்டத்தை நிர்வாகம் கொண்டுவந்தது. ஆட்களின் வரவு போக்கைக் கட்டுக்குள் வைத்தால் காரியம் சீராகும் என்பது அதன் எண்ணம். கைரேகை என்பது குற்றவாளிகளிடம் பெறுவது என்று தொழிலாளர் கருதினர். பெயர்பெற்ற தலைவர் எவரும் இன்றி, பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் ஒருமுகமாக வேலையை நிறுத்தினர். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் ஓய்ந்தன. காவிரியில் நீர் இருந்தது; ஆலை இருந்தது; ஷாஃப்டும் இருந்தது. கீழே இறங்கும் மனிதனின் மானம் என்ற ஒன்று கணக்கில் இல்லாது போனதால் அனைத்தும் நின்றன.

இறுதியாக, எந்த நிர்வாகத் திறமையாலும் நீக்கவியலாத ஒரு தடை உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் ஓர் அவுன்சுக்கு மேல் தங்கம் கிடைத்தது. சுரங்கங்களை மூடும் தறுவாயில் அது ஏறத்தாழ மூன்று கிராமாகக் குறைந்துவிட்டது. ஆழமோ கூடிற்று, செலவும் கூடிற்று. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் வசமாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ஏறத்தாழ 5 கோடி டன் பாறையிலிருந்து 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. மிஞ்சிய மணல் சயனைடு மேடுகளாகக் குவிந்து, காற்றடிக்கும்போது ஊருக்குள் தூசியாக இறங்குகிறது.

சுரங்கம் ஊற்று வற்றி நின்றது. உழைத்த மக்களிடமிருந்த தொழில்திறமை வற்றவில்லை. பொருத்துநரும் பற்றவைப்போரும் மின்பணியாளரும் நிறைந்த ஊருக்கு, மண்வாரி யந்திரத் தொழிற்சாலை ஒன்றே பெரிய வேலைவாய்ப்பாக எஞ்சியது. இன்று ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் விடியுமுன் எழுந்து, இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். அவர்களுடைய நாளில் நான்கைந்து மணி நேரம் இருப்புப் பாதையில் கழிகிறது. அவர்களின் தாத்தாக்கள் ஷாஃப்டில் ஏறி இறங்கிக் கழித்த நேரத்தை இது நினைவூட்டுகிறது. 1894இல் எரிபொருளுக்காகவும் யந்திரங்களுக்காகவும் போட்ட அதே கிளைப்பாதை, இன்று அம்மக்களின் வாழ்வில் மிகக் குறுகிய மடையாக நிற்கிறது.

பம்பாயிலோ தில்லியிலோ ஜாம்ஷெட்பூரிலோ ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பேற்றிருக்கும் நம்மவர்க்கு இவ்வரலாறு ஒரு வழி காட்டும். வேலை தேங்கும் இடத்தை முதலில் கண்ணால் சென்று பாருங்கள். மேசையில் வந்துசேரும் கணக்கு அதனைப் பெரும்பாலும் காட்டாது. அங்கே நாள்தோறும் நிற்பவரைக் கேளுங்கள்; பாறை வெடிக்குமுன் எழும் சிற்றொலியைக் கீழே நின்றவரே முதலில் கேட்டார். அவ்விடத்தைத் திறந்தால் நீர் அடுத்து எங்கே போய் முட்டும் என்பதையும், அங்கே யாருடைய உடலோ வயலோ வீடோ இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். தங்கவயலில் அக்கேள்வியைக் காலம் தாழ்த்திக் கேட்டதன் விலையை ராபர்ட்சன்பேட்டையின் பழைய குடும்பங்கள் பல இன்றும் அறியும்.